விபிஎன் மட்டும் போதுமா? இரங்கூன் கற்பிக்கும் பாடம்

இரங்கூன் நகரின் அனவ்ரதா வீதியில் தமிழர்கள் 1871ஆம் ஆண்டில் எழுப்பிய காளி கோயில் இன்றும் நிலைத்து நிற்கிறது. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது பல்லாயிரம் தமிழர்கள் கால்நடையாகவே பர்மாவை விட்டு வெளியேறினர். 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நெ வின் அரசு, அடுத்து வந்த ஆண்டுகளில் வணிகங்களை அரசுடைமையாக்கியபோது மேலும் பெருந்தொகையினர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினர். இவ்விரு பெயர்வுகளுக்குப் பின்னரும் அங்கேயே வேரூன்றி நின்ற குடும்பங்களுக்கும், சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் எனப் பல நகரங்களில் வாழும் அவர்களுடைய உறவினர்களுக்கும் இடையே இன்று முதன்மையான பாலமாக விளங்குவது இணையமே.

அந்தப் பாலத்தின்மீது 2021 பிப்ரவரி 1ஆம் நாள் முதல் அடிமேல் அடி விழுந்தது. இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய மூன்றாம் நாள், அதாவது பிப்ரவரி 4 அன்று, ஃபேஸ்புக் தடுக்கப்பட்டது. மறுநாள் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் தடுக்கப்பட்டன. பிப்ரவரி 6 அன்று நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது. பின்னர் அது மீண்டதெனினும், அம்மாத நடுப்பகுதியிலிருந்து இரவுதோறும் இணையம் நிறுத்தப்பட்டது. மார்ச் 15 முதல் கைப்பேசி வழி இணையம் பெரும்பாலானோருக்கு இல்லாமற்போனது. அந்நாள்களில் வெளிநாட்டிலிருந்து இரங்கூனுக்குச் சென்ற அறிவுரைகளில் மிகுதியும் ஒரே வரியில் அடங்கின: “விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.”

எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்பதே உண்மை. விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு, பயனரின் தரவுகளை மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை ஒன்றின் வழியே வெளிநாட்டிலுள்ள வழங்கிக்கு அனுப்புகிறது. ஆயினும் கணினியின் டிஎன்எஸ் அமைப்பு ஒழுங்காக இல்லையெனில், தரவு சுரங்கத்தில் செல்லும். ஆனால் எந்தத் தளத்தைத் தேடுகிறார் என்ற வினா மட்டும் வெட்டவெளியில் செல்லும். வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பானது இது. விபிஎன்னைப் பரிந்துரைப்போர் டிஎன்எஸ்ஸைப் பற்றிப் பேசாது விடுவது பாதி அறிவுரை. இரங்கூன் போன்ற நகரில் பாதி அறிவுரை என்பது அறிவுரையே இல்லாத நிலையைவிடத் தீங்கானது. ஏனெனில் பாதுகாப்பு இல்லை என்று அறிந்தவர் எச்சரிக்கையாக இருப்பார். பாதுகாப்பு உண்டென்று நம்பியவர் அந்த எச்சரிக்கையையும் கைவிட்டுவிடுவார்.

பெயரைக் கேட்கும் குரல்

டிஎன்எஸ் என்பது களப் பெயர் முறைமை. மனிதர் நினைவில் வைப்பது பெயர். கணினிகள் ஒன்றையொன்று அடைவது எண் முகவரியால். பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டுப் பெறும் இம்முறையைப் பால் மொக்காபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். இன்றுவரை இணையம் அதன்மீதே இயங்குகிறது. உலாவியில் ஒரு தளத்தின் பெயரை எழுதியதும், அப்பெயருக்குரிய எண் யாது என்று கணினி ஒரு பெயர் வழங்கியைக் கேட்கிறது. வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து அந்தப் பெயர் வழங்கி, இணையச் சேவை வழங்கும் நிறுவனத்துக்கு உரியது. வினாவும் விடையும் 53ஆம் வாயில் வழியே மறைகுறியாக்கம் ஏதுமின்றி, அஞ்சலட்டை போலத் திறந்தவாறே சென்று வருகின்றன.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் எழுகின்றன. முதலாவது, எந்த வாடிக்கையாளர், எந்த நேரத்தில், எந்தத் தளத்தைத் தேடினார் என்ற பட்டியல் நிறுவனத்தின் கையில் எளிதாகச் சேர்கிறது. இரண்டாவது, கேட்ட வினாவுக்குப் பொய்யான விடையை அளிக்கவும் அந்நிறுவனத்தால் இயலும். செய்தித் தளத்தின் எண்ணைக் கேட்டவருக்கு “இத்தளம் தடைசெய்யப்பட்டது” என்னும் அறிவிப்புப் பக்கத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டால் தணிக்கை நிறைவேறிவிடும். செலவு மிகக் குறைந்த தணிக்கை முறை இதுவே.

மியன்மாரில் இது வெறும் ஊகமன்று. இராணுவ ஆட்சி வருவதற்கு முன்னரே, 2020 மார்ச்சில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 2013ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 77ஆம் பிரிவைக் காட்டி இருநூற்றுக்கும் மேற்பட்ட வலைத்தளங்களைத் தடுக்க ஆணையிட்டது. இனச் சிறுபான்மையினரின் செய்தித் தளங்களும் அவற்றுள் அடங்கும். அத்தடையை ஆராய்ந்த ஊனி என்னும் இணையத் தணிக்கை அளவீட்டு அமைப்பு, பொய்யான டிஎன்எஸ் விடைகள் வாயிலாகத் தளங்கள் தடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. ஆகவே டிஎன்எஸ் கசியும் கணினியில் விபிஎன்னை இயக்கிய பின்னரும் தடுப்புப் பக்கமே தோன்றுவது இயல்பு. பலரும் விபிஎன் பழுதென்று எண்ணி வேறொன்றை நிறுவுகின்றனர். பழுது அங்கே இல்லை. வினா தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்பதே காரணம்.

பட்டியல் எவர் கையில் சேர்கிறது என்பதும் சிறிய வினாவன்று. 2014இல் மியன்மாரில் சேவையைத் தொடங்கிய நார்வே நாட்டின் டெலிநார் நிறுவனம், தன்னிடம் வரும் அரசாணைகளை ஒரு காலம் வெளிப்படையாக அறிவித்து வந்தது. 2021 பிப்ரவரி நடுப்பகுதியில் அதுவும் நின்றது. அந்நிறுவனம் தன் மியன்மார் வணிகத்தை விற்க முடிவு செய்தபோது, வாடிக்கையாளர் தரவுகளும் சேர்ந்தே கைமாறும் என்று அஞ்சிய 474 குடிமைச் சமூக அமைப்புகளின் சார்பில் 2021இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வழிகாட்டு நெறிகளின் கீழ் முறையீடு செய்யப்பட்டது. எனினும் 2022 மார்ச்சில் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. நேற்று நம்பகமாக இருந்த நிறுவனம் நாளை வேறொருவருடையதாகலாம். ஆனால் நேற்றைய பதிவேடு அழிவதில்லை.

லினக்ஸ் தரும் உரிமையும் சுமக்கச் செய்யும் பொறுப்பும்

கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் இயங்குதளத்தைத் தமிழ் ஆர்வலர் பலர் இரு பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பரப்பி வருகின்றனர். கணினியின் ஒவ்வோர் அமைப்பும் பயனரின் கையில் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. டிஎன்எஸ் அமைப்பும் அவ்வாறே அவர் கையில் உள்ளது. ஆனால் அதே அமைப்பைப் பிடிக்கப் பல நிரல்களின் கைகளும் நீள்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை.

முற்காலத்தில் ‘ஈடிசி’ என்னும் அடைவிலுள்ள ‘ரிசால்வ் கான்ஃப்’ என்னும் ஒரே கோப்பில் பெயர் வழங்கியின் எண்ணை எழுதினால் போதும். இன்று அக்கோப்பின்மீது வலையமைப்பு மேலாளரான நெட்வொர்க் மேனேஜர், சிஸ்டம்டி தொகுப்பின் ரிசால்வ்டு, விபிஎன் மென்பொருள் எனப் பல நிரல்கள் உரிமை கொண்டாடுகின்றன. கையால் எழுதிய வரி, வைஃபை ஒருமுறை அறுந்து மீண்டதும் மறைந்துவிடக்கூடும். உபுண்டு போன்ற வழங்கல்களில் அக்கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்ற எண்ணே காணப்படும். அது அந்தக் கணினியின் உள்ளேயே இயங்கும் இடைத்தரகரின் முகவரி. வினா இறுதியில் எவரிடம் செல்கிறது என்பதை அது சொல்லாது. ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்னும் ஆணையே அதைக் காட்டும்.

கசிவு நிகழும் வழிகள் மூன்று, அடிக்கடி காணப்படுபவை. ஓபன்விபிஎன் மென்பொருளில், பயன்படுத்த வேண்டிய பெயர் வழங்கியின் எண்ணை மறுமுனை வழங்கி அனுப்பி வைக்கும். ஆனால் நெடுங்காலமாக லினக்ஸில் அம்மென்பொருள் தானாக அதனை நடைமுறைப்படுத்தியதில்லை; அதற்கெனத் தனியாக ஒரு துணை நிரலைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆணைத்தொடரில் நேரடியாக இயக்குவோர் அத்துணை நிரலைச் சேர்க்காது விட்டால், சுரங்கம் திறந்திருக்கும். வினாக்கள் பழைய வழியிலேயே செல்லும்.

வயர்கார்டில் நிலைமை வேறு. அதன் அமைப்புக் கோப்பில் டிஎன்எஸ் என்று ஒரு வரி உண்டு. அதை நிறைவேற்ற ‘ரிசால்வ்கான்ஃப்’ என்னும் நிரல் கணினியில் இருக்க வேண்டும். இல்லையெனில் பிழைச் செய்தி தோன்றி இணைப்பே நின்றுவிடும். அப்போது எவரோ கூறக் கேட்டு, அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டு இணைத்தால் இணைப்பு உடனே கிடைக்கும். கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில், அழித்த வரி எதற்காக இருந்தது என்பதை எவரும் எண்ணுவதில்லை. பிழை நீங்கியது, பாதுகாப்பும் உடன் நீங்கியது.

மூன்றாவது, ஒரே நேரத்தில் இரு பெயர் வழங்கிகள் இருக்கும் நிலை. வைஃபை தந்தது ஒன்று. விபிஎன் தந்தது மற்றொன்று. எது எந்தக் களத்துக்கு உரியதென்று கூறப்படாதபோது, ரிசால்வ்டு வினாவை இரண்டுக்கும் ஒருங்கே அனுப்பி முந்தி வரும் விடையை ஏற்கக்கூடும். அருகிலிருப்பது உள்ளூர் நிறுவனத்தின் வழங்கி; ஆகவே முந்துவதும் பெரும்பாலும் அதுவே. ஐபி பதிப்பு 4இல் எல்லாம் சரியாக அமைத்துவிட்டு, பதிப்பு 6ஐ மறந்துவிடுவதால் நிகழும் கசிவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

செய்ய வேண்டியவை

தீர்வு அரிதன்று. நெட்வொர்க் மேனேஜரில் வைஃபை இணைப்பின் அமைப்பைத் திறந்து, தானாக வரும் டிஎன்எஸ்ஸை ஏற்க வேண்டாம் என்று பதிப்பு 4, பதிப்பு 6 ஆகிய இரண்டிலும் குறிக்க வேண்டும். விபிஎன் இணைப்புக்கு டிஎன்எஸ் முன்னுரிமையாக எதிர்ம எண் ஒன்றை, எடுத்துக்காட்டாக -50ஐ, இட வேண்டும். எதிர்ம எண் இடப்பட்டால் அவ்விணைப்பின் பெயர் வழங்கி மட்டுமே பயன்படும், மற்றவை விலக்கப்படும். ரிசால்வ்டை நேரடியாக ஆள்வோர், எல்லாக் களங்களும் சுரங்க இடைமுகத்துக்கே உரியவை என்பதை அலைக்குறியும் புள்ளியும் கொண்ட குறியீட்டால் அறிவிக்கலாம்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். விபிஎன் வழங்கியின் முகவரி பெயராக எழுதப்பட்டிருந்தால், சுரங்கம் திறக்கும் முன்னரே அப்பெயருக்குரிய எண்ணை எவரிடமேனும் கேட்டாக வேண்டும். அந்த முதல் வினாவே விபிஎன் பயன்பாட்டைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அமைப்புக் கோப்பில் வழங்கியின் எண் முகவரியையே எழுதுவது நன்று.

அடுத்தது காவல் சுவர். 53ஆம் வாயிலுக்கும், மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸுக்குரிய 853ஆம் வாயிலுக்கும் சுரங்கத்தின் வழியாகவன்றி வேறெவ்வழியாகவும் எதுவும் வெளியேறக் கூடாது என்று என்எஃப்டேபிள்ஸ் விதி எழுதிவிட்டால், மற்ற அமைப்புகள் தவறினாலும் வினா வெளியே போகாது. சுரங்கம் அறுந்தால் இணையமும் நிற்கும். அது குறையன்று, அதுவே நோக்கம்.

இறுதியாக, சோதனை. டிசிபிடம்ப் என்னும் கருவியால் வைஃபை இடைமுகத்தில் 53ஆம் வாயிலை நோக்கிக்கொண்டே சில தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். திரையில் ஒரு வரியும் ஓடாதிருத்தலே சரியான விடை. கணினியை உறங்கவைத்து எழுப்பிய பின்னரும், வைஃபையை மாற்றிய பின்னரும், விபிஎன் அறுந்த நொடியிலும் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கசிவுகள் பெரும்பாலும் இத்தகைய இடைநொடிகளில்தான் நிகழ்கின்றன.

எண்ணை மாற்றினால் போதாதா?

விபிஎன் எதற்கு, 8.8.8.8 என்று கூகுளின் பெயர் வழங்கியை எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்போர் உண்டு. 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது இசுதான்புல் சுவர்களில் அந்த எண்ணை மக்கள் எழுதினர். சில நாள்களில் அந்நாட்டு நிறுவனங்கள் கூகுளின் முகவரியைத் தங்களுடையது போலக் காட்டி, அங்கே செல்லும் வினாக்களைத் தாமே பெற்று விடையளிக்கத் தொடங்கின. 2021 பிப்ரவரி 5 அன்று கம்பனா என்னும் மியன்மார் நிறுவனமும் ட்விட்டரின் முகவரித் தொகுதி ஒன்று தன்னிடம் உள்ளதாக உலக வலையமைப்புக்கு அறிவித்தது. மறைகுறியாக்கம் இல்லாத வினா எந்த எண்ணை நோக்கிச் சென்றாலும் வழியில் மறிக்கப்படலாம் என்பதையே இவை உணர்த்துகின்றன.

உலாவியிலேயே மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸை இயக்கினால் வினா மறையும். ஆனால் விபிஎன் இல்லாதவிடத்து, தளத்துடன் இணைப்பு ஏற்படும் கணத்தில் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தே வேண்டும். விபிஎன் இல்லாத டிஎன்எஸ் பாதுகாப்பும், டிஎன்எஸ் பாதுகாப்பு இல்லாத விபிஎன்னும் ஒற்றைக் காலில் நிற்பவையே.

விபிஎன் என்பது நம்பிக்கையை ஒழிப்பதன்று. இடம் மாற்றுவது என்பதையும் மறக்கலாகாது. உள்ளூர் நிறுவனம் கண்டதை இனி விபிஎன் நிறுவனம் காணும். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறை, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்குமாறு விபிஎன் நிறுவனங்களைப் பணித்தது. அதன் பின்னர்ப் பல நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளை அகற்றிக்கொண்டன. அருகில் உள்ளதென்பதற்காகவோ, விலையின்றிக் கிடைப்பதென்பதற்காகவோ ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுப்பது தகாது.

ஆபத்து எவருக்கு?

லினக்ஸ் பயன்படுத்துவோர் மிகச் சிலர். அவர்களுக்காக இவ்வளவு நுணுக்கம் தேவையா என்ற வினா எழலாம். அந்தச் சிலரே மற்றவர்களின் கணினிகளை அமைத்துக் கொடுப்பவர்கள். செய்தி அறையிலும், தொண்டு நிறுவனத்திலும், உறவினர் வீட்டிலும் கணினியைத் திருத்தித் தருபவர் பெரும்பாலும் அவர்களே. அவர்களின் ஒரு வரிப் பிழை பத்துப் பேரின் கசிவாகும்.

மேலும், விபிஎன்னே இன்று அங்கு ஆபத்தாகிவிட்டது. 2024 மே மாத இறுதி முதல் மியன்மாரில் விபிஎன்கள் பரவலாகத் தடுக்கப்பட்டன. தெருக்களில் கைப்பேசிகளை நிறுத்திச் சோதித்து, விபிஎன் வைத்திருந்தோரிடம் பணம் பறிக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. 2025 ஜனவரி 1 அன்று இராணுவ ஆட்சி இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஜூலை 30 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலின்றி விபிஎன் அமைப்பதற்கும் சேவை வழங்குவதற்கும் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையோ, பத்து இலட்சம் கியாட் முதல் ஒரு கோடி கியாட் வரை தண்டமோ அச்சட்டம் விதிக்கிறது. நண்பர்களுக்கு அமைத்துக் கொடுப்பவர் இச்சட்டத்தின் சொற்களுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலையில், டொரன்டோவிலோ இலண்டனிலோ அமர்ந்துகொண்டு அறிவுரை அனுப்புபவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அறிவுரையைக் கேட்டு நடப்பவரே விலை கொடுப்பவர். எனவே சில வேளைகளில் நேர்மையான அறிவுரை “இப்போது வேண்டாம்” என்பதாகவே இருக்கும். 2007 செப்டம்பர் 29 அன்று துறவிகளின் போராட்டத்தை ஒடுக்கியபோது அன்றைய இராணுவ அரசு இணையத்தை முற்றாகவே துண்டித்தது. அத்தகைய நாளில் எந்த அமைப்பும் உதவாது. கருவி எதைச் செய்யும் என்பதுடன் எதைச் செய்யாது என்பதையும் சொல்வதே அறிவுரைக்கு இலக்கணம்.

இது இரங்கூனோடு முடியும் செய்தியன்று. இலங்கையில் 2007 ஜூன் மாதம் தமிழ்நெட் தளம் தடுக்கப்பட்டது. அத்தடை நீங்க 2015 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 அன்றும் அந்நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் அதே ஒருவரி அறிவுரையே கைமாறியது. மறுமுறையும் அவ்வாறே நிகழலாகாது.

தமிழ்க் கணினி ஆர்வலர்களும் புலம்பெயர் அமைப்புகளும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விபிஎன் பற்றிய ஒவ்வொரு தமிழ் வழிகாட்டியிலும் டிஎன்எஸ் பகுதி கட்டாயம் இடம்பெற வேண்டும். அதனை எழுதியவர் தம் கணினியில் சோதித்த பின்னரே வெளியிட வேண்டும். இயங்குதளப் பதிப்பு மாறும்போது மீண்டும் சோதித்துத் திருத்த வேண்டும். சோதிக்காத வழிகாட்டியைப் பகிராமல் இருப்பதும் ஒரு தொண்டே.

காளி கோயில் வீதியில் ஒரு வீட்டின் கணினியில் நள்ளிரவில் கேட்கப்படும் வினா, கேட்டவருக்கும் அவர் நம்பித் தேர்ந்தவருக்கும் அப்பால் எவர் காதிலும் விழாதிருக்க வேண்டும். அதற்கு வழிசெய்ய இயலாதவர்கள், “விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் முன் ஒரு கணம் நின்று சிந்திப்பது நன்று.